கடைசி ஆள் எப்போது ஓய்வெடுப்பது?

"மெதுவா வாங்க ஆன்ட்டி, நாங்க முன்னாடி வெயிட் பண்றோம்" என்று அன்பாகச் சொல்லும் சைக்கிள் குழுக்களிடம்தான் நான் இப்போது அதிக எச்சரிக்கையாக இருக்கிறேன். விட்டுவிட்டுப் போகிறவர்களால் பெரிய தொல்லை இல்லை. அவர்கள் போனபின் நான் என் போக்கில் ஓட்டுவேன், டீக்கடையில் நிற்பேன், போதும் என்று தோன்றிய இடத்தில் திரும்பிவிடுவேன். காத்திருப்பவர்கள் விஷயம் அப்படியல்ல.

நடப்பதைச் சொல்கிறேன். சென்னை திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கூட்டமாகக் கிளம்புகிறோம். உத்தண்டி சுங்கச்சாவடியில் எல்லாரும் சேர்ந்துகொண்டு மேலே போகலாம் என்று ஏற்பாடு. வேகமாகப் போனவர்கள் முன்பே வந்து தண்ணீர் குடித்து, வாழைப்பழம் தின்று, செல்ஃபியும் எடுத்து முடித்திருப்பார்கள். நான் மூச்சு வாங்க வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றும்போது, "ஆன்ட்டி வந்தாச்சு, கிளம்பலாமா?" என்று ஒரு குரல் வரும். அத்தனை பேர் கால்களும் பெடலுக்குப் போய்விடும். ஓய்வு எல்லாருக்கும் கிடைத்துவிட்டது, அது யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. அடுத்து முட்டுக்காடு பாலம். அங்கேயும் இதே கதைதான். கோவளம் போவதற்குள் நான் ஒருமுறைகூட உட்கார்ந்திருக்க மாட்டேன். இளைஞர்களோ மூன்று தடவை இளைப்பாறியிருப்பார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. எல்லாரும் நல்ல பிள்ளைகள். ஏற்பாடுதான் கோணல்.

எனக்கு வயது 62. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் ஒரு ஹைபிரிட் சைக்கிள் வாங்கினேன். சமதளத்தில், காற்று இல்லாத நாளில், மணிக்கு 17, 18 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு நேரமும் ஓட்டுவேன். 20 என்றால் ஒரு மணிநேரம் தாங்கும். 24 என்றால் நான் வேறு எதையும் பார்ப்பதில்லை, முன்னால் இருக்கும் சக்கரம் மட்டும்தான் தெரியும். கடலும் இல்லை, சவுக்குத் தோப்பும் இல்லை. அப்படி ஓட்டுவதற்கு வீட்டிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு ஜிம் சைக்கிள் மிதிக்கலாம்.

தனியாகவே ஓட்டலாமே என்று மகள் சொல்கிறாள். விடிகாலை ஐந்து மணி இருட்டில், நாய்களும் தண்ணீர் லாரிகளும் மட்டுமே இருக்கும் சாலையில், என் வயதில் ஒரு பெண் தனியாகப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. பஞ்சர் ஆனால் டியூப் மாற்றத் தெரியும், ஆனால் டயரை ரிம்மிலிருந்து கழற்ற விரலில் பலம் போதவில்லை. அப்புறம், பேசிக்கொண்டே போவதில் இருக்கிற சுகம் தனியாகப் போனால் வராது. ஆகவே கூட்டம் வேண்டும். எப்படிப்பட்ட கூட்டம் என்பதுதான் கேள்வி.

முதலில் வேகக் கணக்கு. குழுக்கள் வாட்ஸப்பில் அறிவிப்புப் போடும்போது "சராசரி வேகம் 20" என்று எழுதுவார்கள். 20 தானே, சமாளிக்கலாம் என்று நம்மைப் போன்றவர்கள் பெயர் கொடுப்போம். அந்தச் சராசரியில் சிக்னலுக்காகத் தேய்த்துத் தேய்த்து ஓட்டிய அடையாறு, ஊருக்குள் மாடு பார்த்து ஒதுங்கிய இடம், வேகத்தடை எல்லாம் அடக்கம். அதையெல்லாம் சேர்த்து 20 வரவேண்டும் என்றால், திறந்த சாலையில் 24, 25-இல் ஓட்டியாக வேண்டும். நிற்கும் நேரத்தையோ ஸ்ட்ராவா போன்ற செயலிகள் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, ஓடும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் இப்போதெல்லாம் நான் சராசரியைக் கேட்பதில்லை. "அக்கரை தாண்டினபிறகு, நேர் ரோட்டில், முன்னால் போகிறவர் மீட்டரில் என்ன காட்டும்?" என்று கேட்பேன். இந்தக் கேள்விக்கு உடனே ஒரு எண் சொல்கிற ஆளை நம்பலாம். "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம், ஜாலியா போவோம்" என்று பதில் வந்தால், அது ஜாலியாக இருக்காது. யாருக்கு ஜாலி என்பது அங்கே பேசப்படவில்லை.

இன்னொரு சோதனை பேச்சு. வயதானவரின் இதயத்துக்கு உச்சவரம்பு குறைவு. 220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச நாடித்துடிப்பு என்பது பழைய கணக்கு. 2001-இல் வந்த இன்னொரு கணக்கு, 208-லிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொல்கிறது. அதன்படி எனக்குச் சுமார் 165, என்னோடு வரும் முப்பது வயதுப் பையனுக்கு 187. இருவருக்கும் துடிப்பு 135-இல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் தன் எல்லையில் எழுபது சதவீதத்தைச் சற்றே தாண்டியிருப்பான், நான் எண்பதைத் தாண்டிவிட்டேன். இவை சராசரிக் கணக்குகள்தான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் சாலையில் இதைக் கண்டுபிடிக்க கைக்கடிகாரம் தேவையில்லை. அவன் தன் மேனேஜரைப் பற்றி நீளமாக ஒரு கதை சொல்கிறான், நான் "ம்", "ஆமா", "அப்படியா" என்று மட்டும் சொல்கிறேன் என்றால், வேகம் எனக்கு அதிகம். நான் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் என் வேகம். முதல் அரைமணி நேரத்தில் உடம்பு சூடேறாமல் இன்னும் மோசமாக இருக்கும். ஆகவே கிளம்பியதுமே வேகமாக மிதிக்கிற குழு எனக்கு ஒத்துவராது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் சைக்கிள் பேச முடியாது. மார்கழியில் குழுக்களுக்கெல்லாம் கொண்டாட்டம், குளிரும் இருக்கும், வெயிலும் கொல்லாது. திருவான்மியூரிலிருந்து தெற்கே போகும்போது வடகிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். மீட்டர் 22 காட்டும், நமக்கு இவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்தது என்று நாமே வியப்போம். அந்த வியப்பில் மாமல்லபுரம் வரை போய்விட்டால் தீர்ந்தது. திரும்பும்போது அதே காற்று எதிரில் நிற்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 18-இல் ஓட்டுகிற ஆளின் உடம்பில் மோதுவது 33 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறுவது, ஆக காற்றில்லாத நாளைவிட மூன்று மடங்குக்கும் மேல் தடை. இளைஞர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி வரிசையாகப் போய்விடுவார்கள், முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பார். அந்த வரிசையிலிருந்து ஒருமுறை விடுபட்டுவிட்டால் மெதுவான ஆள் மறுபடி ஒட்டவே முடியாது. காத்திருப்பதாகச் சொன்ன குழுக்கள்கூட இந்தத் திரும்பும் வழியில்தான் கலைந்துவிடுகின்றன. எல்லாருக்கும் வீட்டுக்குப் போக வேண்டுமே. மே மாதத்தில் கதை தலைகீழ், காற்று தெற்கிலிருந்து வரும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளிவிடும். மெதுவான ஆளுக்கு அதுதான் நல்லது, வெயில் ஒன்றைத் தவிர. வயதானால் தாகம் தெரிவதும் குறைந்துவிடும் என்பதால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் கால்மணிக்கு ஒருதரம் குடிக்க வேண்டும்.

நான் அடுத்தவர் சக்கரத்துக்கு மிக அருகில் ஒட்டி ஓட்டுவதில்லை. காற்றிலிருந்து கிடைக்கும் லாபம் தெரியும், இருந்தாலும் கண்ணாடி போட்ட கண், சற்றே தாமதிக்கிற கை இரண்டையும் வைத்துக்கொண்டு அரைச் சக்கர இடைவெளியில் போக மனம் வரவில்லை. ஒரு சைக்கிள் நீளம் விடுவேன். சமயத்தில் பின்னாலிருப்பவர் எரிச்சலடைவார். அடையட்டும், இந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு.

நூறு வருடத்துக்கு முன்பே இந்தச் சிக்கலை யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இத்தாலியில் 1897-இல் சில சைக்கிள்காரர்கள் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை சுமார் 230 கிலோமீட்டரைப் பகல்வெளிச்சம் முடிவதற்குள் ஓட்டினார்கள். துணிச்சலைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'ஆடாக்ஸ்' அவர்களுக்குப் பெயரானது. 1904-இல் ஆன்றி டெக்ரான்ஜ், அதற்கு முந்தைய ஆண்டு டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய அதே பத்திரிகை ஆசிரியர்தான், இதைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். பந்தயத்தைக் கண்டுபிடித்த ஆள், இதில் பந்தயத்தையே எடுத்துவிட்டார். எல்லாரும் கூட்டமாகப் போக வேண்டும், முன்னால் ஒரு கேப்டன், நிர்ணயித்த வேகம், கேப்டனை யாரும் முந்தக்கூடாது, நிறுத்தங்கள் எல்லாருக்கும் பொது. அந்த வழியில் ஓட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், வேகம் மணிக்கு 22.5 கிலோமீட்டர். எண் எனக்கு அதிகம்தான், ஏற்பாடு மட்டும் அருமை. 24 ஓட்ட முடிகிறவர் 22.5-இல் அடங்கி வருகிறார். ஓய்வு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிகிறது. காத்திருப்பு என்ற ஒன்றுக்கே அங்கே வேலை இல்லை.

1921-இல் ஒரு சண்டை வந்து, பாரிஸ் கிளப் ஒன்று பிரிந்துபோய், அவரவர் வேகத்தில் ஓட்டும் இன்னொரு வகையைத் தொடங்கியது. இங்கே சென்னையிலும் நடக்கிற பிஆர்எம் என்ற நெடுந்தூர சவாரி அந்த வம்சம்தான், இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா அதைப் பார்த்துக்கொள்கிறது. முடிக்க வேண்டிய கால வரம்பு 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 600-க்கு 40 மணி. தரவரிசை கிடையாது. முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. மெதுவான ஆட்களுக்கு இது நல்ல இடம் என்று பலர் எனக்குச் சொன்னார்கள். பாதி உண்மை. கணக்குப் பார்த்தால் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்தான், ஆனால் அதில் சாப்பாடு, பஞ்சர், கழிப்பறை எல்லாம் அடக்கம். மெதுவாக ஓட்டுகிறவருக்கு நிற்க நேரமே மிஞ்சாது. இங்கேயும் ஓய்வு வேகமானவருக்குத்தான். எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இருநூறை முடித்தார், நடுவில் உட்கார்ந்து காபி குடித்ததாக நினைவில்லை என்கிறார். பெருமையாகத்தான் சொன்னார். எனக்குக் காபி முக்கியம்.

உறவினர்கள் எனக்கு அடிக்கடி அனுப்பும் வீடியோ ஒன்று உண்டு. ராபர்ட் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் 2017 ஜனவரியில், தன் 105-ஆவது வயதில், பாரிஸ் அருகே உள்ள உள்ளரங்க ஓடுதளத்தில் ஒரு மணிநேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். பத்து நிமிடம் இருக்கிறது என்று காட்டிய அட்டையைக் கவனிக்கவில்லை, கவனித்திருந்தால் இன்னும் வேகமாகப் போயிருப்பேன் என்று அதன்பின் குறைப்பட்டுக்கொண்டார். "பாத்தியாக்கா, நூத்தஞ்சு வயசு!" என்று தம்பி எழுதுவான். பார்த்தேன். அங்கே எதிர்க்காற்று இல்லை, தண்ணீர் லாரி இல்லை, முக்கியமாக அவருக்காக யாரும் உத்தண்டியில் காத்திருக்கவில்லை.

குழு தேடும் பெண்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி கழிப்பறை. இதை எழுதக் கூச்சப்பட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை. ஆண்கள் ஈசிஆரில் எங்கே வேண்டுமானாலும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போவார்கள். நிறுத்தம் எங்கே என்று கேட்டால் "இளநீர் கடைகிட்ட" என்பார்கள். இளநீர் கடையில் கழிப்பறை கிடையாது. பெட்ரோல் பங்கு, திறந்திருக்கும் ஓட்டல், இந்த இரண்டில் ஒன்று முக்கால் மணிக்கு ஒருமுறை வர வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் ஆண்களும் இந்தக் கேள்வியை நான் கேட்பதற்காகவே காத்திருந்ததைக் கண்டிருக்கிறேன். நான் வாயைத் திறந்ததும் நாலு பேர் தலையாட்டுவார்கள்.

எல்லாக் குழுவும் வேகத்துக்காக ஓடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சைக்கிளிங் யோகிஸ் போல ஊரின் பழைய இடங்களைப் பார்ப்பதற்காகவே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சாந்தோம், மயிலாப்பூர், கோட்டை, பழைய கட்டிடம், கல்வெட்டு என்று நின்று நின்று போவது. அங்கே நிற்பதுதான் வேலை, நடுவில் ஓட்டுவது ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக. யாராவது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மூச்சு தானாகச் சமாதானமாகிவிடும். பள்ளிக்கரணையில் பறவை பார்க்கப் போகிறவர்களும் அப்படித்தான், பறவைக்காக நிற்கிற கூட்டம் ஆளுக்காகவும் நிற்கும். கொஞ்சம் தயக்கத்தோடு கூட்ட சவாரிக்கு வர நினைக்கிற என் வயதுக்காரர்கள் இதில் தொடங்கலாம்.

உண்மையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கூட்ட சவாரி சென்னையில் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் நாங்கள் புதுக்கோட்டையில் இருந்தோம். அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்த காலம், ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எனக்குச் சின்ன வயதிலேயே குரங்குப் பெடலில் பழகியிருந்ததால், மாலையில் மற்றப் பெண்களுக்குப் பிடித்து ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போவேன். லேடீஸ் சைக்கிள் போதாது, ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. வகுப்புக்குப் போகும்போது ஏழெட்டுப் பேராகப் போவோம். ஒருத்தியும் முன்னால் பறக்க மாட்டாள். தனியாக முன்னால் போனால் டீக்கடை பெஞ்சிலிருந்து கேலி வரும், கூட்டமாகப் போனால் அந்தப் பெஞ்சு வாயை மூடிக்கொள்ளும். அதனால் பிள்ளையை வைத்து ஓட்டுகிறவள் எந்த வேகமோ அதுதான் எல்லாருக்கும் வேகம். யாரும் விதி போடவில்லை, வேறு வழி இல்லை, அவ்வளவுதான். இன்றைய குழுக்களில் முன்னால் போகிறவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். மீட்டரில் நல்ல எண் விழுகிறது, பாராட்டு வருகிறது.

சரி, இப்போது என்ன செய்கிறேன் என்றால், என்னைப் போன்ற சிலரோடு சேர்ந்து புதன்கிழமைக் காலையில் பெசன்ட் நகரிலிருந்து கிளம்புகிறோம். சனி, ஞாயிறு வேலைக்குப் போகிறவர்களின் நாள், ஓய்வு பெற்றவர்களுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். புதனில் ஒரே சங்கடம், ஏழரைக்கு மேல் கம்பெனி பஸ்களும் பள்ளி வேன்களும் சாலையை எடுத்துக்கொள்ளும். அதற்குள் திரும்ப வேண்டும் என்பதால் தூரம் தானாகவே அளவாக நின்றுவிடுகிறது. நேர் சாலையில் 17. முன்னால் போகிறவரை யாரும் முந்தக்கூடாது. நிறுத்தத்தில் கடைசியாக வந்தவர் உட்கார்ந்து எழுந்தபிறகுதான் கிளம்புவது, அந்தக் கடிகாரம் அவர் கையில். எழுதி வைத்த விதிகள் இவ்வளவுதான்.

ஒருவர் பேட்டரி சைக்கிள் வாங்கி வந்தார், மிதித்தால் மட்டும் மோட்டார் துணை செய்யும் வகை. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டது, அதற்கு லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். இது சைக்கிளே அல்ல என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. முழங்கால் அறுவைசிகிச்சை ஆனவர் மூன்று வருடம் கழித்து நம்மோடு சாலைக்கு வந்திருக்கிறார், அது எந்த வண்டியில் என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. 17-ஐத் தாண்டாமல் வந்தால் சரி. எதிர்க்காற்று நாளில் அவரை முன்னால் விட்டுவிடுகிறோம், எங்களுக்கு நன்மை.

அண்மையில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் சேர்ந்திருக்கிறார். கேரியரும் ஸ்டாண்டும் வைத்த கறுப்பு சைக்கிள். அவருக்கு 14 தான் வரும். முதல் புதன்கிழமை, அவர் பின்னால் வரட்டும் என்று நினைத்து நாங்கள் எங்கள் 17-இல் போய், திருவான்மியூரில் நின்றோம். எனக்குப் பின்னால் ஒரு குரல், "சார் வந்தா கிளம்பிடலாம்" என்றது. என் கால் அதற்குள் பெடலில் இருந்தது.

இப்போது அவரை இரண்டாவது ஆளாக விடுகிறோம். முதல் ஆள் மீட்டரைப் பார்த்து 14-இல் வைத்துக்கொண்டு காற்றை வாங்கிக்கொள்வார், பெரியவர் அவருக்குப் பின்னால், நாங்கள் எல்லாரும் பெரியவருக்குப் பின்னால். 14-இல் ஓட்டுவது இவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியாது. கை தானாக பிரேக்குக்குப் போகிறது, கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இருவர் எங்களை விட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்குப் போய்விட்டார்கள். பெரியவரோ ஓட்டுகிற நேரம் முழுக்கப் பேசிக்கொண்டே வருகிறார், அநேகமாக ரயில்வேயில் தான் வேலை பார்த்த ஸ்டேஷன்களைப் பற்றி. இப்போது ஜோலார்பேட்டையில் இருக்கிறோம், அடுத்த புதன் காட்பாடி.